அண்ணே, கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து குடுங்க!

தமிழில் கண்ணைப் பற்றி எழுதினால் அது கவிதையாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. மீன் மாதிரி கண், மான் மாதிரி கண், வேல் மாதிரி கண்... மண் விழுந்த மாதிரி கண் என்று யாரும் பாடி நான் கேட்டதில்லை. ஆனால் எங்கள் பி.காம். வகுப்புக்கு வந்து பாருங்கள். மதியம் மூன்று மணிக்கு டேலி லேபில் ஆளாளுக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உறுத்தல், எரிச்சல், சிவப்பு, எக்செல் ஷீட்டில் 3 எது 8 எது என்று குழப்பிவிடுகிற ஒரு மங்கல். இரண்டு தடவை இமைத்தால் மங்கல் போய்விடும். பத்து நிமிடத்தில் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதற்குப் பெயர் கண் வறட்சி. டாக்டர்கள் டிரை ஐ என்பார்கள். மெடிக்கல் ஷாப் அண்ணன்கள் எந்தப் பெயரும் சொல்ல மாட்டார்கள். நேராகப் பாட்டிலை எடுத்து வைத்துவிடுவார்கள்.

இந்தப் பதிவு அந்தப் பாட்டிலைப் பற்றித்தான். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வரலாம். கண்ணைப் பார்க்காமல் கண்ணுக்கு மருந்து விற்பது தப்பு. கண்ணைக் காட்டாமல் வாங்குவதும் தப்பு. வவுச்சர் பார்க்காமல் என்ட்ரி போடக்கூடாது என்று முதல் வருஷத்திலிருந்து மண்டையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பத்து ரூபாய் டீச்செலவுக்கு இருக்கிற மரியாதை நம் கண்ணுக்கு இல்லையா?

தண்ணி வழியுற கண்ணு எப்படிய்யா வறண்ட கண்ணு?

நண்பன் ஒருவன் கேட்ட கேள்வி இது. பைக்கில் போனால் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றுகிறது, இதைப் போய் வறட்சி என்கிறாயே என்றான். நியாயமான கேள்வி. பதில் தெரிந்தால் பாதிப் பிரச்சினை புரிந்துவிடும்.

கண்ணீர் என்றால் வெறும் உப்புத் தண்ணீர் இல்லை. கண்ணின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கிறது. கண்ணோடு ஒட்டிக்கொள்ள அடியில் சளி போன்ற ஒரு பொருள், நடுவில் தண்ணீர், அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் மேலே எண்ணெய். ரசத்தின் மேல் மிதக்கிற எண்ணெய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண்ணெயைக் கொடுப்பது இமை விளிம்பில் வரிசையாக இருக்கிற குட்டிக் குட்டிச் சுரப்பிகள். மேலிமையில் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை இருக்கும். 1666இல் இவற்றை விவரித்த ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோம் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்கிறார்கள். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இவை கொஞ்சம் எண்ணெயைப் பிதுக்கி, இமை அதைக் கண் முழுக்கப் பூசிவிடுகிறது. பெயிண்டர் பிரஷ் இழுப்பது மாதிரி.

எண்ணெய் குறைந்தாலோ கெட்டியாகி அடைத்துக்கொண்டாலோ என்ன ஆகும்? தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். படலம் ஆங்காங்கே கிழியும். கருவிழியின் மேற்பரப்பு நரம்புகள் மண்டிய இடம், அது அலறும். அந்த அலறலைக் கேட்டுக் கண்ணீர்ச் சுரப்பி அவசரமாகக் குடம் குடமாகத் தண்ணீரைக் கொட்டும். அந்தத் தண்ணீர் கன்னத்தில் வழியும், கண்ணில் நிற்காது. தார் பெயர்ந்த ரோட்டில் லாரித் தண்ணீரைத் திறந்துவிட்ட கதைதான். ரோடு நனையும், சரியாகாது.

ஆக, வறட்சியில் இரண்டு பெரிய வகை. தண்ணீரே சுரக்காதது ஒன்று. சுரக்கிற தண்ணீர் நிற்காதது இன்னொன்று. அதிகம் காணப்படுவது இரண்டாவது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். 2017இல் உலகம் முழுவதிலுமிருந்து கண் நிபுணர்கள் கூடி எழுதிய அறிக்கையே இதைப் பல காரணங்களால் வருகிற ஒரு நோய் என்றுதான் வரையறுத்தது. பல காரணம் என்றால் பல வைத்தியம். ஆனால் கடையில் இருப்பது ஒரே பதில்: "இந்தா தம்பி, ஒரு நாளைக்கு நாலு வேளை."

கடையில் நடக்கிற ஒரு நிமிட வைத்தியம்

"அண்ணே, கண்ணு உறுத்துது. ஏதாவது டிராப்ஸ் குடுங்கண்ணே."

"செவந்திருக்கா?"

"லேசா."

"அப்ப இதைப் போடு."

முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குக் கடை திறந்து வைத்திருப்பவர், கடன் கொடுப்பவர். ஆனால் அவர் கையில் இருக்கிற பாட்டில்கள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. மூன்று வகை சொல்கிறேன்.

முதல் வகை, சிவப்பை நீக்குகிற சொட்டு. நாஃபசோலின் மாதிரி மருந்துகள். இவை கண்ணின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. கண் பளிச்சென்று வெள்ளையாகிவிடும், செல்ஃபிக்கு நல்லது. வறட்சிக்கு ஒன்றும் செய்யாது. தொடர்ந்து போட்டுவிட்டு நிறுத்தினால் சிவப்பு முன்பைவிட அதிகமாகத் திரும்பி வரும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் போடுவோம். வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்வது பற்றி மார்க்கெட்டிங் பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இரண்டாவது வகைதான் விஷயமே. ஸ்டீராய்டு கலந்த சொட்டு. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் ஒரு கிருமிக்கொல்லியும் சேர்ந்த கலவைகள் சகஜமாகப் புழங்குகின்றன. மெட்ராஸ் ஐ சீசனில் வீட்டில் யாருக்கோ வாங்கி, மீதியை ஃபிரிட்ஜ் கதவில் சொருகி வைத்திருப்பார்கள். அடுத்த தடவை யாருக்குக் கண் உறுத்தினாலும் அதுதான் பிரசாதம். போட்டதும் கேட்கும், அதுதான் கொடுமை. ஸ்டீராய்டு அழற்சியை அமுக்கிவிடும், உறுத்தல் போய்விடும், "சூப்பர் மருந்து மச்சி" என்று பக்கத்து ரூமுக்கும் போகும்.

வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போட்டால் என்ன ஆகும்? சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். ஏறினால் பெரும்பாலும் வலிக்காது, தெரியாது. பார்வை நரம்பு மெதுவாகத் தேய்ந்து ஓரப்பார்வை போகத் தொடங்கும். இதுதான் கிளாக்கோமா. போன பார்வை எந்த மருந்துக்கும் திரும்பாது. புரை விழுவதும் உண்டு. எங்கள் மதுரைப் பக்கம் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வயலில் இலை, உமி, குச்சி பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் வருவது தென் தமிழ்நாட்டில் சகஜம். அந்தப் புண்ணோடு வருகிறவர் சொல்வதும் "கண்ணு உறுத்துதுப்பா" என்ற அதே வார்த்தைதான். அந்தக் கண்ணில் ஸ்டீராய்டை விட்டால் பூஞ்சைக்குப் பந்தி போட்ட மாதிரி. உறுத்தல் என்ற ஒரே வார்த்தைக்குப் பின்னால் சும்மா வறட்சியும் இருக்கலாம், கண்ணையே வாங்குகிற புண்ணும் இருக்கலாம். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று யார் கண்டுபிடிக்க முடியும்?

ஸ்டீராய்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. வறட்சி முற்றி அழற்சி இருந்தால் டாக்டர்களே கொஞ்ச நாளைக்குக் கொடுப்பார்கள். ஆனால் எத்தனை நாள் என்று எழுதிக் கொடுப்பார்கள், கண் அழுத்தத்தை அளந்து பார்ப்பார்கள். டெக்ஸாமெத்தசோன் நம் நாட்டு மருந்து விதிகளில் ஷெட்யூல் ஹெச் பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். எக்ஸ்பயரி தேதியைத் தேடுகிற கண் அந்த வரியைத் தாண்டித்தான் போகிறது.

மூன்றாவது வகை, செயற்கைக் கண்ணீர். இது நல்ல பிள்ளை. கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் மாதிரி வழுவழுப்பான பொருள் கலந்த திரவம். டாக்டர்களும் முதலில் கொடுப்பது இதைத்தான். ஆனால் இதிலும் இரண்டு விஷயம் உண்டு.

ஒன்று, கிருமி வராமல் இருக்கப் பல பாட்டில்களில் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி சேர்க்கிறார்கள். அது சோப்பு இனத்தைச் சேர்ந்தது. எப்போதாவது போட்டால் பிரச்சினையில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல், மாதக்கணக்கில் போட்டால் அதுவே கண்ணின் மேற்பரப்பைப் புண்ணாக்கும், எண்ணெய்ப் படலத்தையும் கலைக்கும். வறட்சிக்குப் போடுகிற மருந்தே வறட்சியைக் கொண்டுவரும்! அடிக்கடி போட வேண்டியவர்கள் பதப்படுத்தி இல்லாததைத்தான் வாங்க வேண்டும். இதைக் கவுண்ட்டரில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இரண்டு, எனக்கு எண்ணெய் அடைப்பு என்றால், வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதில் எத்தனை நாள் ஓடும்? டிரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போடுவோம். தற்காலிகமாக. தப்பு எங்கே என்று கண்டுபிடித்ததும் அந்தக் கணக்கை மூட வேண்டும். செயற்கைக் கண்ணீர் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட். எங்கள் விடுதியில் அந்தக் கணக்கை வருஷக்கணக்காகத் திறந்தே வைத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

"வெறும் கண்ணீர்தானே, அதுல என்ன ஆகிடப்போவுது?"

இப்படிச் சொல்பவர்களுக்கு 2023ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். எஸ்ரிகேர் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்ற செயற்கைக் கண்ணீர், சென்னைக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் தயாரானது. அமெரிக்காவில் பரவிய, பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமித் தொற்றை விசாரித்த அதிகாரிகள் அதை இந்தச் சொட்டோடு தொடர்புபடுத்தினார்கள். 2023 பிப்ரவரியில் பாட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட கணக்குப்படி 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்று. 4 பேர் இறந்தார்கள். 14 பேருக்குப் பார்வை இழப்பு. 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. தொழிற்சாலையைச் சோதனையிட்ட அமெரிக்க மருந்துத் துறை, கிருமியில்லாமல் தயாரிக்கும் முறைகளில் பல குறைகளைப் பட்டியல் போட்டது.

எல்லாப் பாட்டிலும் விஷம் என்று பீதி கிளப்ப இதைச் சொல்லவில்லை. கண்ணுக்குள் போகிற எதுவும் "வெறும்" என்ற அடைமொழிக்குள் அடங்காது என்று சொல்கிறேன். தொழிற்சாலையில் நடக்கிற தப்பை நாம் தடுக்க முடியாது. ஆனால் ஒரே பாட்டில் நாலு ரூம் சுற்றுவதும், நுனியை இமையில் தேய்த்துச் சொட்டுவதும், போன செமஸ்டரில் திறந்ததை இந்த செமஸ்டரில் போடுவதும் யார் தப்பு? திறந்தபின் எத்தனை நாள் பயன்படுத்தலாம் என்று அட்டையிலேயே இருக்கும். பல பாட்டில்களுக்கு அது ஒரு மாதம்தான். பன்னீர், தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று கண்ணில் விடுகிற வீட்டு வைத்தியங்களுக்கும் இதே பதில்தான். அவை பாரம்பரியமா இல்லையா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. கிருமி நீக்கியவையா? இல்லை. அவ்வளவுதான்.

கண்ணாடிக்காரரும் மாத்திரைக்காரரும்

சொட்டு மருந்தோடு கடை மூடுவதில்லை. நீல ஒளி தடுக்கும் கண்ணாடி என்று ஒன்று. "கம்ப்யூட்டர் வொர்க்கா சார்? அப்போ இந்தக் கோட்டிங் போட்டுடலாம்" என்று கூடுதலாக ஒரு தொகை சேரும். 17 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பீடு, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் இந்தக் கண்ணாடி கண் களைப்பைக் குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. திரை கண்ணுக்குச் செய்கிற தொல்லை அதன் நிறத்தால் வருவதை விட, அதைப் பார்க்கும்போது நாம் இமைக்க மறப்பதால்தான் அதிகம் வருகிறது.

அடுத்தது மீன் எண்ணெய் மாத்திரை. அமெரிக்காவில் 535 நோயாளிகளை வைத்து நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வில், ஒரு வருஷம் தினமும் 3,000 மில்லிகிராம் ஒமேகா 3 சாப்பிட்டவர்களுக்கும், ஆலிவ் எண்ணெய் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வறட்சியில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அயிலை மீன் குழம்பு சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கண்ணுக்காக மாதாமாதம் டப்பா வாங்குவதற்கு முன் ஒரு தடவை யோசியுங்கள்.

"எல்லாம் அந்த போனால வந்தது!"

இது வீட்டுக் கட்சி. அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு மாமா எல்லாரும் இதில் ஆயுள்கால உறுப்பினர்கள்.

திரைக்கும் வறட்சிக்கும் தொடர்பு இருப்பது உண்மை. 1993இல் ஜப்பானிய மருத்துவர்கள் 104 அலுவலக ஊழியர்களை வைத்து இமைப்பை எண்ணினார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரி 22. புத்தகம் படிக்கும்போது 10. கம்ப்யூட்டர் திரையைப் பார்க்கும்போது 7. பெயிண்டர் 22 தடவை பிரஷ் இழுக்க வேண்டிய சுவரில் 7 தடவை இழுத்தால் சுவர் எப்படி இருக்கும்? அந்த ஏழிலும் பல இமைப்புகள் பாதியில் திரும்பிவிடுகிற அரை இமைப்புகள்.

ஆனால் "போனைத் தூக்கிப் போடு" என்பது வைத்தியம் இல்லை, வசை. எங்களுக்கு டேலி திரையில், எக்செல் திரையில், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் திரையில். நாளைக்கு ஆடிட்டர் ஆபீசில் ஆர்ட்டிகிள்ஷிப் சேர்ந்தால் பத்து மணி நேரமும் திரையில். கணக்குப்பிள்ளையின் பேரேடு திரைக்குள் போனதற்குப் பேரனைத் திட்டி என்ன பிரயோஜனம்? திரையைப் பார்க்காதே என்று சொல்ல முடியாத வேலைக்குப் படிக்க வைத்துவிட்டு, திரையைப் பார்த்ததால்தான் கண் கெட்டது என்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

திரை எங்கே இருக்கிறது, ஏ.சி. எங்கே ஊதுகிறது என்பதையெல்லாம் தீர்மானிப்பது நாங்களா? எங்கள் லேபில் மானிட்டரை சி.பி.யு. மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அண்ணாந்து பார்க்க வேண்டும். அண்ணாந்தால் கண் அகல விரியும், காற்றுபடும் பரப்பு கூடும், ஈரம் சீக்கிரம் போகும். மானிட்டரைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இறக்கினால் இமை பாதி மூடியே இருக்கும். செலவு பூஜ்ஜியம். ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடிக்காமல் பிளேடைத் திருப்பிவிட வேண்டும். செலவு பூஜ்ஜியம். இதைச் செய்யச் சொல்லி லெட்டர் கொடுத்து ஒரு செமஸ்டர் ஆகிறது. ஒழுக்கம் பேசுவது எளிது, மானிட்டரை இறக்குவது கஷ்டம் போலிருக்கிறது.

கண்ணைப் பார்த்தால் என்ன தெரியும்?

எனக்கு இந்தப் பிரச்சினை இரண்டாம் வருஷத்திலிருந்து இருக்கிறது. கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பரிசோதனை இவ்வளவுதான். கண்ணில் ஆரஞ்சு மஞ்சள் சாயம் தொட்டுவைத்து, நீல வெளிச்சத்தில் இமைக்காமல் இருக்கச் சொல்லி, படலம் எத்தனை வினாடியில் கிழிகிறது என்று எண்ணினார்கள். 10 வினாடிக்குள் கிழிந்தால் கோளாறு. பிறகு கீழிமையில் ஒரு சின்னக் காகிதத் துண்டைச் சொருகி 5 நிமிடம் விட்டார்கள். 1903இல் ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மன் டாக்டர் சொன்ன முறை. 5 மில்லிமீட்டருக்கு மேல் நனையாவிட்டால் தண்ணீர் பஞ்சம் என்று அர்த்தம். கடைசியாக இமை விளிம்பை அமுக்கிப் பார்த்தார்கள். வலித்ததா என்று கேட்காதீர்கள். எனக்குத் தண்ணீர் சரியாக இருக்கிறது, எண்ணெய் அடைப்பு என்றார்கள்.

அதைவிட முக்கியம், அவர்கள் கேட்ட கேள்விகள். முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா? (ஐசோட்ரெட்டினாயின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கும். எங்கள் வயசில் எத்தனை பேர் சாப்பிடுகிறோம்!) சளிக்கு, அலர்ஜிக்கு அடிக்கடி செட்டிரிசின் போடுகிறாயா? கான்டாக்ட் லென்ஸ் உண்டா? லேசிக் செய்தாயா? சர்க்கரை இருக்கிறதா? மூட்டு வலிக்கிறதா? வாய் வறள்கிறதா?

கடைசி இரண்டு கேள்விகளுக்கு ஒரு கதை இருக்கிறது. ஹென்ரிக் ஷோக்ரன் என்ற ஸ்வீடன் கண் டாக்டர் 1933இல் தன் ஆய்வேட்டில் 19 பெண்களைப் பற்றி எழுதினார். கண்ணும் வாயும் வறண்டவர்கள், பலருக்கு மூட்டு வலியும் இருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிற நோய் அது. இன்றைக்கு அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் மிக அதிகம். மாதவிடாய் நிற்கிற வயதில் பெண்களுக்குச் சாதாரண வறட்சியும் கூடும். உங்கள் வீட்டில் அம்மாவோ அத்தையோ "கண்ணு எரியுது, தண்ணி இல்லாம இட்லி இறங்க மாட்டேங்குது" என்று சொன்னால், "அடுப்படிப் புகைம்மா" என்று கடந்து போகாதீர்கள். கூட்டிக்கொண்டு போய்க் கண்ணைக் காட்டுங்கள். அவர்களுக்குச் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டால், உள்ளே இருக்கிற நோய் அப்படியே மறைந்திருக்கும்.

காசு, நேரம்?

"டாக்டர்கிட்ட போனா செலவு, ஒரு நாள் லீவு" என்பதுதான் எதிர்க்கட்சியின் வலுவான வாதம். ஒத்துக்கொள்கிறேன். தினக்கூலி வாங்குகிறவருக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் சம்பளம்தான். அவரை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்ப்போம், அதுதானே படிக்கிறோம். மாதம் ஒன்றிரண்டு பாட்டில், வருஷத்துக்கு எவ்வளவு? கோட்டிங் கண்ணாடி எவ்வளவு? படிக்க முடியாமல் போன சாயங்காலங்கள் எவ்வளவு? 2011இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்கு, கண் வறட்சிக்கு அங்கே ஆண்டுக்கு ஆகிற நேரடி மருத்துவச் செலவு 384 கோடி டாலர் என்றது. வேலையில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 5,540 கோடி டாலர். நேரடிச் செலவைவிட மறைமுகச் செலவு பல மடங்கு. காஸ்டிங் வாத்தியார் சொல்வதுதான்: கண்ணுக்குத் தெரியாத செலவுதான் கம்பெனியைக் கவிழ்க்கும்.

அதுவும் எந்த ஊரில் இருந்துகொண்டு இதைப் பேசுகிறோம்? 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் மதுரை. உலகமே வந்து பாடம் படித்துவிட்டுப் போகிறது. அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. கண்ணுக்கு டாக்டர் இல்லாத ஊர் என்றால் மெடிக்கல் ஷாப்பைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பஸ்ஸில் போகிற தூரத்தில் எல்லாம் இருந்தும் கவுண்ட்டரில் நின்று கண் வைத்தியம் பார்க்கிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

சரி, என்னதான் செய்வது?

வெறும் திட்டு மட்டும் எழுதினால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். அதனால்:

1. ஒரு தடவையாவது கண்ணைக் காட்டுங்கள். எந்த வகை வறட்சி என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

2. எண்ணெய் அடைப்பு என்றால் வெந்நீர் ஒத்தடம். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்துவிட்டால் என்ன செய்வோம்? வெந்நீரில் வைப்போம். அதே தத்துவம். பொறுக்கிற சூட்டில் துணியை நனைத்துப் பிழிந்து, மூடிய இமை மேல் 5 முதல் 10 நிமிடம். துணி சீக்கிரம் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். பிறகு இமையை விளிம்பு நோக்கி மெதுவாக நீவிவிட வேண்டும். நான் தினமும் செய்கிறேன். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றரை மாதத்தில் லேபில் கண்ணைக் கசக்குவது குறைந்தது. நிறுத்தினால் திரும்ப வரும். இது ஃபிக்சட் டெபாசிட் இல்லை, ரெக்கரிங் டெபாசிட்.

3. இமையுங்கள். முழுசாக, மேலிமை கீழிமையைத் தொடுகிற மாதிரி. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தள்ளி இருப்பதை 20 வினாடி பாருங்கள் என்பார்கள். பார்க்கும்போது நாலு முழு இமைப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. ஃபேனுக்கு நேர் கீழே பாயைப் போட்டுப் படுக்காதீர்கள். பைக்கில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுங்கள், அது அழகுக்கு இல்லை.

5. வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், திடீரென்று பார்வை மங்குவது, ஒரு கண் மட்டும் கடுமையாகச் சிவப்பது... இதெல்லாம் இருந்தால் ஒத்தடமும் வேண்டாம், இந்தப் பதிவும் வேண்டாம். அன்றைக்கே டாக்டர்.

6. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் சொட்டு விடும் முன் கேட்டுவிட்டு விடுங்கள்.

மெடிக்கல் ஷாப் அண்ணன்களுக்கும் ஒன்று. "சீட்டு இருக்கா தம்பி?" என்ற மூன்று வார்த்தை போதும். சட்டம் உங்களிடம் கேட்பதும் அதுதான். "இல்லைன்னா போய்க் காட்டிட்டு வா" என்று ஒரு பையனைத் திருப்பி அனுப்பினால் உங்களுக்கு நூறு இருநூறு ரூபாய் வியாபாரம் போகும். அவனுக்குக் கண் போகாமல் இருக்கும்.

காலேஜுக்கும் ஒன்று. மானிட்டரை இறக்குங்கள் ஐயா. லெட்டர் இன்னும் உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பி.காம். இதை வைத்து நீங்களே வைத்தியம் பார்த்துக்கொண்டால், இவ்வளவு நேரம் நான் தொண்டை கிழியக் கத்தியதன் அர்த்தமே உங்களுக்குப் புரியவில்லை என்று அர்த்தம். ஹி ஹி. இப்போது ஒரு தடவை நன்றாக இமைத்துக்கொள்ளுங்கள்.